முடி நடுதல்: கொத்துக் கணக்கு தெரியாமல் செய்யும் தவறுகள்

பிடரி முடியை ஒட்ட வெட்டிவிட்டு, ஃபோன் கேமராவை நெருக்கி வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முடி சம இடைவெளியில் ஒன்றொன்றாக முளைத்திருக்காது. ஓரிடத்தில் ஒற்றை, பக்கத்தில் இரண்டு, அடுத்து மூன்று, எப்போதாவது நான்கு என்று கொத்துக் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு கொத்துக்கும் எண்ணெய்ச் சுரப்பி, முடியைச் சிலிர்க்கவைக்கும் சிறு தசை, சுற்றிலும் மெல்லிய உறை என்று எல்லாம் உண்டு. ஜான் ஹெடிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1984-இல் இந்த அமைப்பை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து விவரித்தார். இன்று முடி நடும் கிளினிக்கில், பின்தலையிலிருந்து எடுத்து வழுக்கையில் நடும் 'கிராஃப்ட்' என்பது பெரும்பாலும் இந்தக் கொத்தைத்தான்.

இதை அறியாமல் போய் உட்காருகிறவர் முதலில் ஏமாறுவது எண்ணிக்கையில். 2,000 கிராஃப்ட் என்றால் 2,000 முடி இல்லை. கொத்துக்குச் சராசரியாக இரண்டு முடி என்று வைத்தாலே 4,000 ஆகிவிடும். ஒரு கிளினிக் கிராஃப்டில் சொல்கிறது, இன்னொன்று முடியில் சொல்கிறது. பெரிய எண்ணைப் பார்த்து இரண்டாவதற்குப் போய்விடுகிறோம். கிராஃப்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் இடத்தில் மூன்று முடிக் கொத்தைப் பிளந்து மூன்று கிராஃப்டாகக் கணக்குக் காட்டவும் வழி இருக்கிறது. பிளக்கும்போது வேர் அறுபட்டால் அந்த முடி போனதுதான். கடன் வாங்கிப் பணம் கட்டும் இளைஞர்கள் நிறைய பேர். அதனால் சொல்கிறேன்: ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மூன்றும் நான்கும் எத்தனை என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நெற்றி ஓரம். அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் முடி நடுதல் பற்றிய தன் ஆய்வை வெளியிட்ட பிறகு பல ஆண்டுகள் சுமார் 4 மில்லிமீட்டர் அகலத் துண்டுகளாகவே தோலை எடுத்து நட்டார்கள். ஒரு துண்டில் பத்துக்கும் மேற்பட்ட முடிகள் சேர்ந்து நிற்க, தலை பொம்மைத் தலைபோல் தெரிந்தது. இயல்பான கொத்துகளை அப்படியே எடுத்து நடும் முறை 1990-களில்தான் பரவியது. ஆனாலும் அந்தப் பழைய தவறு சிறிய வடிவில் இன்றும் நடக்கிறது. நெற்றியின் முன்விளிம்பில் ஒற்றை முடிகள் மட்டுமே, அதுவும் கொஞ்சம் முன்பின்னாகச் சிதறி நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் இரட்டை, இன்னும் உள்ளே போகப் போக மூன்றும் நான்கும். அடர்த்தி வேண்டும் என்ற ஆசையில் விளிம்பிலேயே மூன்று முடிக் கொத்தை வைத்தால் எதிரில் நிற்பவர் கண்ணில் உடனே படும்.

ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடும் கேட்காதீர்கள், மிகத் தாழ்ந்த கோடும் கேட்காதீர்கள். 25 வயதில் இறக்கி நட்ட கோடு அப்படியே இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி கொட்டிக்கொண்டே போகும். நட்டுவிட்டோமே என்று மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துபவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நேரும்.

சாய்வும் முக்கியம். முன்பக்கம் முடி முன்னோக்கிச் சாய்ந்து வளரும், நெற்றிப்பொட்டில் கிட்டத்தட்டத் தோலோடு படுத்திருக்கும், உச்சந்தலையில் சுழியைச் சுற்றித் திரும்பும். சரியான கொத்தையே எடுத்திருந்தாலும் செங்குத்தாக நட்டால் முள்முள்ளாகத்தான் நிற்கும். கொத்தை நடுவதற்கான துளையை, அதன் சாய்வோடு, போடுவது யார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையான அறுவைச் சிகிச்சைப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டியே வெளியிட்டது.

நட்ட பிறகு முதல் பத்து நாள் பொருக்கை நகத்தால் பெயர்க்கக் கூடாது. ஹெல்மெட்டை எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி உதிரும். பலர் கலங்கிப்போவது இங்கேதான். உதிர்வது முடி மட்டுமே. வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் மெல்லிசாக, சிலருக்குச் சுருண்டு முளைக்கத் தொடங்கும். ஒரே கொத்திலுள்ள முடிகளும் ஒன்றாக எழுவதில்லை; மூன்று முடிக் கொத்தில் முதலில் ஒன்று மட்டும் எட்டிப் பார்க்கலாம். ஐந்தாம் மாதப் படத்தை வைத்து "எல்லாம் ஒற்றையாகத்தான் வந்திருக்கிறது" என்று முடிவுகட்டி மறுபடி நடக் கேட்பது அவசரம். முன்பக்கத்துக்கு ஓராண்டு, உச்சந்தலைக்கு அதைவிடக் கூடுதலாகவும் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பின்தலையில் எடுத்த இடத்தில் முடி திரும்ப முளைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். முளைக்காது, கொத்து அங்கிருந்து இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு முடிக் கொத்து முன்னால் போய் நான்காகப் பெருகுவதும் இல்லை. ஒரே தடவையில் அளவுக்கு மீறி எடுத்தால் பிடரி பூச்சி அரித்தாற்போல் ஆகும். பத்து ஆண்டு கழித்துச் சுழியில் வழுக்கை விரியும்போது எடுத்து நடக் கொத்தும் மிச்சமிருக்காது.