விராவுக்கு அடியில் இரண்டு இரும்பு

என்னுடைய புரோட்டான் விரா 1996-இல் பதிவான காடி (கார்). முன்பக்கம் இடது மூலையில் ஜேக் வைத்துத் தூக்கினால் அதே பக்கத்துப் பின் கதவு தாழ்ப்பாளில் போய் உட்காராது. இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். ஜேக்கை இறக்கிவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி 'டப்' என்று மூடிக்கொள்ளும். பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகிற மலைச் சாலையில் வளைவுக்கு வளைவு டேஷ்போர்டு பக்கம் கிறீச்சிடுவதற்கும் காடி உடம்பு இப்படி முறுக்கிக்கொள்வதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். காடியைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் தரையில் இரண்டு இடத்தில் துருவை வெட்டித் தகரம் ஒட்டி, மேலே கறுப்பாகப் பூசி விற்றிருந்தார். அப்படிப்பட்ட உடம்பு முறுக்காமல் என்ன செய்யும்?

லாரிக்கு அடியில் ஏணி மாதிரி நீளமான சாசி உண்டு. சின்னக் காடிகளுக்கு அது கிடையாது, உடம்பேதான் சாசி. இன்ஜினைத் தாங்கும் இரண்டு விட்டங்கள் முன்னாலிருந்து வந்து, பெரும்பாலும் முன் சீட்டுக்கு அடியில் மெலிந்து தரையோடு கலந்துவிடும். பின் விட்டங்கள் பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் தொடங்கும். இடையில் இருப்பதெல்லாம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகரத் தரை, கதவுக்குக் கீழே ஓடும் படிப் பெட்டி, மேலே கூரை. அந்த இடைவெளியை இரும்புக் குழாயால் இணைப்பதைத்தான் சப்ஃபிரேம் கனெக்டர் என்கிறார்கள். அமெரிக்கக் காடிகளில் பிரபலமான வேலை இது. 1967 மாடல் கமாரோவுக்கு முன்னால் மட்டும் தனிச் சட்டம், போல்ட் போட்டு உடம்போடு பூட்டியது. பின்னால் வெறும் உடம்புதான். 1979-லிருந்து 1993 வரை வந்த மஸ்டாங்குக்கும் இதைப் போடாத ஆளில்லை. கூரை இல்லாத வகைக்கு இன்னும் அவசியம். ஏன் என்று தெரிய வேண்டுமானால் தீபாவளி முறுக்கு டின்னை எடுத்து மூடி போட்டு ஒருமுறை, மூடி இல்லாமல் ஒருமுறை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள்.

விராவுக்கென்று கடையில் விற்பது பெரும்பாலும் போல்ட் போட்டு மாட்டும் இரும்புப் பார்கள். அதை மட்டம் தட்டவில்லை. அரை மணியில் மாட்டலாம், பிடிக்கவில்லை என்றால் கழற்றலாம். ஆனால் போல்ட் ஓட்டை கொஞ்சம் தேய்ந்தாலும் பார் சும்மா தொங்குகிற கணக்குதான். நான் வெல்டிங்காரன். பாகான் டாலாம் பக்கம் படகு பழுது பார்க்கும் இடத்தில் பதினோரு வருஷம் இரும்பு ஒட்டியவன். எனக்கு ஒட்டுவதுதான் சரிப்படும்.

முதலில் துரு. இதில் பாதி நாள் போனாலும் பரவாயில்லை. தரைவிரிப்பு, சீட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். அடியில் இருக்கும் கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு, திருப்புளியின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல தகரம் 'டங்' என்று சொல்லும். செத்த தகரம் 'தொப்' என்று ஈர அட்டைபோல் பேசும். சந்தேகமான இடத்தைத் திருப்புளி முனையால் குத்துங்கள். உள்ளே போனால் அந்தத் தகரத்தை வெட்டி எறிந்து புதுசு போட்ட பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. பினாங்கில் கடல் காற்று பட்ட காடிக்கு இதை விட்டுவிட்டு இரும்பு ஒட்டுவது, கரையான் அரித்த தூணில் புது விட்டம் ஏற்றுவது போல.

அடுத்தது அளவு. கதவுக்கும் முன் மட்கார்டுக்கும் இடையில், பின் கதவுக்கும் தூணுக்கும் இடையில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். நான் காலாவதியான வங்கி அட்டைகளைச் செருகி எண்ணுவேன். ஒரு அட்டை 0.76 மில்லிமீட்டர். காடி தரையில் நிற்கும்போது ஒரு கணக்கு, மூலையில் ஜேக் வைத்துத் தூக்கினால் ஒரு கணக்கு. என் விராவில் பின் கதவு மேல் சந்தில் ஆறு அட்டை போனது, தூக்கியதும் நாலுதான் போனது. சந்தின் குறுக்கே மறைப்பு டேப் ஒட்டி, பென்சிலால் ஒரு நேர்கோடு போட்டு, சந்தின் மேலே டேப்பைப் பிளேடால் கீறிவிடுங்கள். கோடு உடைந்து விலகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

குழாய்க்கு நான் எடுத்தது 50-க்கு 25, 2 மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு ஹாலோ, அதாவது பூச்சு இல்லாத பெட்டிக் குழாய். 25 பக்கம்தான் உயரம். 50 உயரத்தில் வைத்தால் பலம் இன்னும் கூடும்தான், ஆனால் தாமான் தாமானாக (குடியிருப்புப் பகுதிகளில்) போட்டு வைத்திருக்கும் சாலைத் திட்டுகளில் முதல் நாளே உரசும். மீட்டருக்கு 2.2 கிலோ வரும். பக்கத்துக்கு 1.15 மீட்டர், இரண்டும் சேர்ந்து சின்ன அரிசிப் பை ஒன்றின் எடை. வெள்ளைப் பூச்சு போட்ட குழாய் வாங்காதீர்கள். அந்தத் துத்தநாகப் புகையை உறிஞ்சினால் ராத்திரி காய்ச்சல் வந்து பல் கிடுகிடுக்கும். பட்டவன் சொல்கிறேன்.

இனி முக்கியமான இடம். முதல் தடவை நான் இதில்தான் மண்ணைக் கவ்வினேன்.

இரண்டு தூண் லிஃப்ட் வைத்திருக்கும் சிநேகிதர் பட்டறையில் காடியை ஏற்றினேன். நிமிர்ந்து நின்று ஒட்டலாம், சொகுசு. இரண்டு பக்கமும் அழகாக ஒட்டி முடித்து இறக்கினேன். அக்காள் மகன் கதவைச் சாத்தப் போனான்.

"மாமா, சும்மா இருந்த கதவும் இப்ப மூட மாட்டேங்குது."

இரண்டு தூண் லிஃப்ட் காடியை நடுவில் படிப் பெட்டியில் பிடித்துத் தூக்குகிறது. முன்னால் இன்ஜின் தொங்குகிறது, பின்னால் சக்கரமும் சாமான் பெட்டியும் தொங்குகின்றன. நடு முதுகு மேலே வளைந்து நிற்கும். அந்தக் கோணலை நான் இரும்பு போட்டுப் பூட்டிவிட்டேன். படகுப் பட்டறையில் இதே பாடத்தை எனக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கட்டை தப்பாக வைத்து ஒட்டிய படகு தண்ணீரில் இறங்கினாலும் கோணல்தான். தெரிந்தே செய்தேன். கிரைண்டரால் எல்லாவற்றையும் வெட்டி எடுக்க இரண்டு நாள் ஆனது.

அதனால் காடி தன் சொந்த எடையோடு நாலு டயரிலும் நிற்க வேண்டும். நாலு தூண் லிஃப்ட் கிடைத்தால் நல்லது. எனக்குக் கிடைக்கவில்லை. கனமான கோண இரும்பில் 35 சென்டிமீட்டர் உயரத்துக்கு நாலு மேடை அடித்து, டயரை அதன் மேல் நிறுத்தினேன். முன்னும் பின்னும் நகராதபடி கட்டை, அதற்கும் மேல் நம்பிக்கைக்கு இரண்டு ஸ்டாண்டு, உடம்பில் படாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு. நாலு மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கொத்தனார் நீர்க்குழாய் வைத்துப் பார்ப்பதுபோலப் பாருங்கள். ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீர், இரண்டு முனை, அவ்வளவுதான்.

தீப்பொறிக்கு முன்னால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் மூன்றும் அடியில்தான் ஓடுகின்றன. கிளிப்பைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். என் காடியில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு அடியில், பின் விட்டம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்தேன். 'டேங்க் காலிதானே' என்று சொல்பவரை நம்ப வேண்டாம், ஆவி நிறைந்த காலி டேங்க்தான் ஆபத்து. பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் உடனே ஒட்டாதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் வெல்டிங் வெளிச்சத்தில் நச்சு வாயு வரும். உள்ளே ஈரச் சாக்கோடு ஒரு ஆள், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். அக்காள் மகன் உள்ளே உட்கார்ந்து, தரையில் நிறம் மாறும் இடத்தையெல்லாம் "மாமா, இங்க புகையுது" என்று தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தான்.

மெல்லிய விட்டத்தில் குழாயை நேராக ஒட்டினால் ஒருநாள் ஓரத்தில் கிழியும். முன்னும் பின்னும் 100-க்கு 75 அளவில் 2 மில்லிமீட்டர் தட்டு வெட்டி, அதில் 8 மில்லிமீட்டர் ஓட்டைகள் போட்டு, ஓட்டை வழியாகவும் ஓரத்திலும் ஒட்டுங்கள். குழாய் அந்தத் தட்டில் உட்காரும். மிக் வெல்டிங் (கேஸ் பாய்ச்சிக்கொண்டே கம்பியை உருக்கி ஒட்டுவது), 0.8 மில்லிமீட்டர் கம்பி. தீயைக் குழாய் மேல் பிடித்துத் தகரத்துக்கு ஒழுகவிட வேண்டும், தகரத்தில் பிடித்தால் ஓட்டை. வேக்காடு தாங்காமல் ஃபேன் போட்டுவிடாதீர்கள். காற்றில் கேஸ் பறந்துபோய் வெல்டு பஞ்சுபோல் பொரிந்துவிடும். நான் ஒருமுறை போட்டேன், முப்பது சென்டிமீட்டரைத் தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

முதலில் இரு பக்கமும் பொட்டுப் பொட்டாக டேக் மட்டும். பிறகு வெளியே வந்து கதவுச் சந்துகளை மறுபடி அட்டை போட்டு எண்ணுங்கள். கணக்கு மாறாமல் இருந்தால் மட்டும் தொடருங்கள். 25 மில்லிமீட்டர் ஒட்டு, 60 இடைவெளி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாறி மாறி. கையால் தொட முடியாத சூடு வந்தால் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடிக்கப் போய்விடுங்கள்.

முனைக்கு முனை மட்டும் ஒட்டினால் நடு முதுகு தொய்வது குறையும், முறுக்கு அவ்வளவாகக் குறையாது. அதனால் குழாயின் நீளம் முழுக்கத் தரையோடு தையல் போட்டேன். நடுவில் குழாயிலிருந்து படிப் பெட்டிக்கு ஒரு குறுக்குத் துண்டும் வைத்தேன். என் அனுபவத்தில் பாதிப் பலன் அந்தக் குறுக்குத் துண்டில்தான். சைலன்சர் குழாய்க்கு இரண்டு விரல் இடம் விடுங்கள், அது ஆடும். தரையிலுள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளை மூடிவிடாதீர்கள்.

முனைகளை அடைத்து, தாழ்வான இடத்தில் ஒரு சின்ன வடிகால் ஓட்டை. துத்தநாகப் பிரைமர், இணைப்புகளில் சீலர், அதற்கு மேல் அடிப்பூச்சு. குழாய்க்கு உள்ளே மெழுகு பீய்ச்ச மறக்காதீர்கள், துரு எப்போதும் உள்ளிருந்துதான் வரும். சாசி நம்பர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிரைண்டரே போகக் கூடாது. பெயர் மாற்றச் சோதனையில் அதைப் பார்ப்பார்கள். உடம்பில் இப்படிக் கை வைப்பதற்கு முன் ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக அலைன்மென்ட். தேய்ந்த புஷ்ஷையும் செத்த அப்சார்பரையும் இந்த இரும்பு சரிசெய்யாது. சொல்லப்போனால் உடம்பு விறைத்த பிறகு அவற்றின் வண்டவாளம்தான் முதலில் தெரியும்.

முடிந்ததும் அதே மூலையில் ஜேக் வைத்தேன். ஆறு அட்டை போன சந்தில் ஐந்து போனது. பின் கதவு இடி இல்லாமல் மூடியது. அன்று சாயங்காலமே அக்காள் மகனோடு தெலுக் பஹாங் பக்கம் ஓட்டிப் போனேன். ஸ்டீரிங் திருப்பியதும் பின்பக்கம் உடனே கூட வருகிறது. முன்னெல்லாம் ஒரு யோசனை யோசித்துவிட்டுத்தான் வரும். தித்தி கெராவாங் தாண்டி இரண்டாவது வளைவில் பழைய கிறீச் சத்தம் அப்படியே கேட்டது. நான் பிரேக் போட்டு அவனைப் பார்த்தேன். அவன் முன்னால் சாய்ந்து கையுறைப் பெட்டி மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். அடுத்த வளைவில் சத்தம் இல்லை.

"ஸ்க்ரூ லூஸு மாமா," என்றான்.