பெருந்தொற்று ஒத்திகை: எல்லாத் தகவலையும் ஒரே தாளில் கொடுக்காதீர்கள்

பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது என்று பல துறையினரையும் உட்காரவைத்து, ஒரு கற்பனைக் கதையை வைத்துப் பழகுவதுதான் இந்த ஒத்திகை. நான் நடத்திய முதல் ஒத்திகை சொதப்பியதற்கு நானேதான் காரணம். எல்லா விவரத்தையும் ஒரே தாளில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். மருத்துவர்கள் இருவரே மூன்று மணி நேரம் பேசினார்கள். கால்நடை மருத்துவர் தலையாட்டியதோடு சரி.

இப்போது தகவலைப் பிய்த்துப் பிய்த்துத்தான் தருகிறேன். ஒத்திகைக் கதைக்கு 1999இல் நியூயார்க்கில் நடந்தது நல்ல முன்மாதிரி. ஒரு பக்கம் காகங்கள் செத்து விழுந்தன, காட்சிசாலைப் பறவைகளும் மடிந்தன. இன்னொரு பக்கம் மூளையழற்சியோடு நோயாளிகள். மனிதருக்கு வந்தது கொசுவால் பரவும் செயின்ட் லூயிஸ் மூளையழற்சி என்றே முதலில் நினைத்தார்கள். அது பொதுவாகப் பறவைகளைக் கொல்லாதே என்ற சந்தேகம் பறவைகளைப் பார்த்தவர்களிடம் இருந்தது. கடைசியில் பார்த்தால் பறவை, மனிதர் இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்: வெஸ்ட் நைல் வைரஸ். பெருந்தொற்று இல்லைதான், ஆனால் துறைகள் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை எனக்குக் கிடைக்கவில்லை. ஊர், பறவை, நோய்ப் பெயர்களை மட்டும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது பத்தாவது நிமிடத்திலேயே விடையைச் சொல்லிவிடுவார்.

மருத்துவமனை, ஆய்வகம், கால்நடைத் துறை, செய்தித் தொடர்பு என்று நான்கு மேசைகள். ஒவ்வொன்றுக்கும் தனி உறை. பத்து நிமிடத்துக்கு ஒரு தகவல் சீட்டு, ஒரு சீட்டு என்றால் கதையில் ஒரு நாள். 15 சீட்டு, இரண்டரை மணி நேரம். நோய்ப் பரவலை எவ்வளவு வேகமாகக் கையாள்கிறோம் என்று அளக்கும் 7-1-7 அளவுகோலையும் அங்கேயே வைத்துப் பார்க்கலாம்: 7 நாளில் கண்டுபிடிப்பு, 1 நாளில் அறிவிப்பு, அடுத்த 7 நாளில் முதற்கட்ட நடவடிக்கைகள் முடிய வேண்டும்.

பேச வேண்டுமென்றால் போன்தான். ஓரமாக ஒருவர் உட்கார்ந்து, யார் யாரைக் கூப்பிட்டார் என்று வட்டமும் அம்புக்குறியும் போடட்டும். அம்பே வராத வட்டம் எது என்று பாருங்கள், பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

சொற்களிலும் கண் வையுங்கள். 'உறுதி' என்றால் ஆய்வகத்துக்குப் பரிசோதனை முடிவு, செய்தித் தொடர்பாளருக்கோ அறிக்கை விடலாம் என்ற பச்சைக்கொடி. ஒருமுறை இந்த ஒரு சொல்லிலேயே இரண்டு 'நாள்' போனது.

முடிந்ததும் யாரும் கலைவதற்குள் பேசிவிடுங்கள். “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். “அப்போது உங்களிடம் என்ன தகவல் இருந்தது?” என்று கேளுங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி.

அப்புறம், அடுத்த தடவை மேசைகளை மாற்றிப் போடுங்கள். எங்கள் கால்நடை மருத்துவரைச் செய்தித் தொடர்பில் உட்காரவைத்தோம். “இது மனிதருக்குப் பரவுமா?” என்று நிருபர் வேடத்தில் இருந்தவர் கேட்டதுமே அவர் ஆய்வகத்துக்குப் போன் போட்டார்.