ஹியரா லிசனா? குழப்பும் ஆங்கிலச் சொற்களைத் தமிழை வைத்தே பிரித்துக்கொள்ளும் வழி

ஆங்கில அகராதியில் ஹியர், லிசன் இரண்டுக்கும் 'கேள்' என்று போட்டிருக்கும். சீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் 'பார்'. இதை மனப்பாடம் செய்துகொண்டு பேசப் போனால் எந்த இடத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் வாய் நின்றுவிடும். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் என்று தேடுவதை முதலில் விடுங்கள். அந்த வித்தியாசத்தை நாம் வீட்டில் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று யோசியுங்கள், பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஹியர் என்றால் காதில் விழுவது, லிசன் என்றால் காது கொடுத்துக் கேட்பது. பக்கத்து வீட்டுச் சண்டை நாம் வேண்டாம் என்றாலும் காதில் விழும், அது ஹியர். உட்கார்ந்து இளையராஜா பாட்டுக் கேட்பது லிசன், அதற்குப் பின்னால் மறக்காமல் 'டு' வரும். போனில் சிக்னல் சரியில்லாதபோது நாம் 'கேக்குதா?' என்கிறோமே, அதற்கு 'கேன் யூ ஹியர் மீ?' என்பதுதான் சரி. அந்த இடத்தில் 'ஆர் யூ லிசனிங்?' என்று கேட்டால், 'நான் சொல்றதைக் கவனிக்கிறீங்களா இல்லையா' என்று அதட்டுகிற மாதிரி எதிரில் இருப்பவருக்குப் படும். மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ இப்படிக் கேட்டு வைத்தால் தர்மசங்கடம்தான். பதிலுக்கும் 'ஐ ஆம் ஹியரிங் யூ' வேண்டாம், 'ஐ கேன் ஹியர் யூ' போதும்.

பார் விஷயமும் இதே கதைதான். கண்ணில் பட்டால் சீ. ஒரு பக்கம் திரும்பிக் கண்ணை வைத்தால் லுக், அதோடு 'அட்' சேர்க்க வேண்டும். நடந்துகொண்டிருப்பதை விடாமல் கவனித்தால் வாட்ச். அதனால்தான் கிரிக்கெட் மேட்ச்சுக்கு வாட்ச், போட்டோவுக்கு லுக் அட். போட்டோவில் எதுவும் நடப்பதில்லையே. சினிமாவுக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு உண்டு: தியேட்டரில் பார்த்ததற்கு சீ என்பது சகஜம், வீட்டு டிவியில் பார்த்தால் வாட்ச்தான். டாக்டரைப் பார்க்கப் போவதும் சீ. வாட்ச் என்றால் அவரைக் கண்காணிக்கப் போகிறோம் என்றாகிவிடும்.

அலுவலக மெயிலில் அதிகம் இடிப்பது பை, அன்டில். இதற்குத் தமிழில் தெளிவாகவே இரண்டு உருபு இருக்கிறது, நாம்தான் பயன்படுத்திக்கொள்வதில்லை. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் பை, 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் அன்டில். ரிப்போர்ட்டை வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும், எனவே 'பை ஃப்ரைடே'. நான் வெள்ளி வரை லீவு, எனவே 'அன்டில் ஃப்ரைடே'. 'சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால் வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இரு என்று அர்த்தமாகிறது. எழுதும் முன் மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், குள் வருகிறதா வரை வருகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

கடன் விஷயம் சுலபம், கொடுப்பது லெண்ட், வாங்குவது பாரோ. ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றுச் சிறப்புமிக்கது, 1947 ஆகஸ்ட் 15 போல. ஹிஸ்டாரிக்கல் என்றால் வெறுமனே வரலாறு சம்பந்தப்பட்டது, சரித்திர நாவல் அந்த வகை. எகனாமிக் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிக்கல் சிக்கனமானது. மைலேஜ் நன்றாகத் தரும் பைக் எகனாமிக்கல்.

சரி, தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. மரத்தடியில் ஒதுங்குகிறோமே அந்த நிழலும் நிழல்தான், சுவரில் விழும் நம் உருவமும் நிழல்தான். ஆங்கிலத்தில் முன்னது ஷேட், பின்னது ஷேடோ. உருவம் தெரிந்தால் ஷேடோ, வெயில் படாத இடம் என்றால் ஷேட்.

இதைவிடச் சிக்கல் சந்தேகம். வகுப்பில் கை தூக்கி 'சார், ஒரு டவுட்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், இந்திய ஆங்கிலத்தில் அது எல்லோருக்கும் புரியும், தப்பென்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருப்பவருக்கு 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்' என்று அனுப்பினால், உங்கள் ரிப்போர்ட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் படிப்பார். விளக்கம்தான் வேண்டும் என்றால் அவருக்கு 'குவெஸ்சன்' என்று எழுதுங்கள். அதே மெயிலின் கடைசியில் 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று முடிப்பதும் அதிகாரமாக ஒலிக்கும். நடந்தே தீரும் என்று கணக்குப் போட்டு வைப்பது எக்ஸ்பெக்ட், நடந்தால் நல்லது என்று நினைப்பது ஹோப். 'ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ' இதமாக இருக்கும்.

இப்படித் தமிழில் பிடி கிடைக்காத ஜோடி வந்தால் ஆங்கிலம்-தமிழ் அகராதியை மூடிவிட்டு, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தொகுத்த லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைத் திறங்கள். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் கற்றுக்கொடுத்தபோது உருவாக்கிய அப்படியொரு அகராதி 1942இல் அங்கே வெளியானது, அதுதான் பிறகு 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றையும் இன்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். விளக்கத்தைத் தாண்டி அடியில் இருக்கும் உதாரண வாக்கியங்களைப் படியுங்கள், எந்தச் சொல்லுக்குப் பின்னால் டு, அட் வருகிறது என்பது அங்கேதான் தெரியும். அப்புறம் அதே அமைப்பில் உங்கள் வேலையில் நாளைக்கே தேவைப்படும் வாக்கியம் ஒன்றை, ஜோடியில் ஒவ்வொரு சொல்லுக்கும், கையால் எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.