பல்கலைக்கழக ஆன்மிகப் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் ‘சாப்ளின்’ எனப்படும் ஆன்மிகப் பணியாளரைத் தேடி வரும் மாணவர் பலர் முதலில் கேட்பது: “இதை யாரிடமும் சொல்ல மாட்டீர்களே?” உடனே “மாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பதுதான் இந்தப் பணியில் மிகப் பெரிய தவறு. சற்று நேரத்தில் அவர் தற்கொலை எண்ணத்தைச் சொன்னால், வாக்கைக் காப்பதா உயிரைக் காப்பதா என்று நிற்க நேரும். வாக்கு மீறப்பட்டதாக உணர்ந்தவர் மறுபடி எவரிடமும் உதவி கேட்கத் தயங்குவார்.

எல்லையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். உங்களுக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பல்கலைக்கழகத்தின் மாணவர் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்வேன். முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன்.” கத்தோலிக்கக் குருவுக்கு இன்னும் கவனம் வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் சடங்கில், கேட்டதை அவர் எதற்காகவும் வெளியிட முடியாது. வந்தவர் கேட்பது பாவசங்கீர்த்தனமா, சாதாரணப் பேச்சா என்பதை உட்காரும்போதே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

தற்கொலை எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உடனடி ஆபத்து என்றால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள். உதவி வரும்வரை தனியே விடாதீர்கள். ஜெபமோ பூஜையோ சிகிச்சைக்கு மாற்றல்ல. அவற்றைச் செய்வதும் மாணவர் விரும்பினால் மட்டுமே. துயரத்தில் தவிப்பவரை மதம் மாறச் சொல்வதும், பேய் பிடித்திருக்கிறது என்று ஓட்ட முனைவதும் பெருங்கொடுமை.

ஊரிலிருந்து பெற்றோர் அழைத்து, “பிள்ளை அங்கே வருகிறாளா?” என்று கேட்பதுண்டு. 18 வயது நிறைந்தவரின் அனுமதியின்றி, வருகிறார் என்பதைக்கூட உறுதிப்படுத்தக் கூடாது; வீட்டு நெருக்கடிக்கு அஞ்சியே அவர் வந்திருக்கலாம். பெற்றோரின் கவலையைப் பொறுமையாகக் கேளுங்கள். மாணவர் நலப் பிரிவின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்.

மத நம்பிக்கையும் உடல்நலமும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கூடுதல் காப்புள்ள விவரங்கள். தன்னைப் பற்றிய பதிவுகளை மாணவர் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். தேதி, அவர் சொன்னது, எடுத்த நடவடிக்கை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள், ஊகங்களைச் சேர்க்காதீர்கள். சொந்த வாட்ஸ்அப்பில் பேசாதீர்கள்.

முதலாண்டில் 17 வயதினரும் இருப்பார்கள். தாம் தொடர்ந்து மதம் போதிக்கும் 18 வயதுக்குட்பட்டவரோடு பாலுறவு கொள்வது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 முதல் குற்றம். வயது நிறைந்தவராக இருந்தாலும், ஆறுதல் தேடி வந்தவரோடு காதல் உறவு கூடவே கூடாது. கண்ணாடிக் கதவுள்ள அறையில், பணி நேரத்தில், சக பணியாளர் ஒருவருக்குத் தெரியும்படி சந்தியுங்கள். கைக்காசு கடனாகக் கொடுக்காமல், பல்கலைக்கழகத்தின் இடர்கால உதவி நிதிக்கு விண்ணப்பிக்கத் துணை நில்லுங்கள்.