நிதியுதவி தேடும் ஆசிரியர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஒரு சிறிய அறக்கட்டளைக்கு வந்த விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் வேலை சில ஆண்டுகள் எனக்கு வாய்த்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் விண்ணப்பம் எழுதும் ஆசிரியராக இருந்து, நிராகரிப்புக் கடிதங்களை ஒரு கோப்பு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, பாதி விண்ணப்பங்கள் எழுதத் தொடங்கும் முன்பே தோற்றுவிடுகின்றன என்பது.

காரணம், பலரும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஓர் அறிவிப்பு கண்ணில் படுகிறது: ‘பள்ளிகளில் தொழில்நுட்பத்துக்கு நிதி.’ உடனே கைக்கணினி வேண்டும் என்று தோன்றுகிறது. நேற்று வரை அந்த வகுப்பறையில் அப்படி ஒரு தேவையே இருந்ததில்லை. அதிர்ஷ்டவசமாகப் பணமும் வந்துவிட்டால், கருவிகள் பீரோவுக்குள் போய்விடும், சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். இதற்கு மாற்று எளியது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே, வகுப்பில் எது தடுக்கிறது, யாருக்குத் தடுக்கிறது, எது கிடைத்தால் அது தீரும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்கத்துக்குப் பொருந்துகிற அறிவிப்பை மட்டும் தேடுங்கள். தேடல் சுருங்கும், நேரம் மிஞ்சும்.

அடுத்தது, யார் விண்ணப்பிக்கலாம் என்பதைப் படிக்காமலே எழுதத் தொடங்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஆசிரியர்கள் வேறு நாட்டுக்குச் சென்று பயிற்சி பெற நிதி உண்டு. ஆனால் ஆசிரியர் தனி ஆளாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது, பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பறைக்குத் தேவையானதை ஆசிரியர்கள் கேட்க, பொதுமக்கள் நன்கொடை தரும் டோனர்ஸ்சூஸ் என்ற இணையதளத்தை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000ஆம் ஆண்டில் தொடங்கினார். உலகெங்கும் ஆசிரியர்கள் அதன் பெயரைச் சொல்கிறார்கள், ஆனால் அது அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்கானது. அதிலும் ஆசிரியரின் கையில் பணம் தருவதில்லை, கேட்ட பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் திட்டத்தின் கீழ் வரும் ஆசிரியர் பயிற்சிகளோ ஆசிரியரையே வளர்க்கும் வாய்ப்புகள், வகுப்பறைக்குப் புத்தக அலமாரி வாங்க அவை உதவாது. ஆக, எந்த அறிவிப்பிலும் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: விண்ணப்பிப்பது யார், கிடைப்பது பணமா பொருளா பயணமா, எதற்கெல்லாம் செலவழிக்கக் கூடாது. மூன்றாவதைத்தான் யாரும் படிப்பதில்லை. சம்பளம், கட்டட வேலை, ஏற்கெனவே வாங்கிவிட்ட பொருளுக்கான செலவு ஆகியவற்றைப் பல நிதியங்கள் ஏற்பதில்லை.

விருதையும் நிதியுதவியையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. வர்க்கி அறக்கட்டளையின் உலக ஆசிரியர் பரிசு பத்து லட்சம் டாலர். 2020இல் அதை வென்ற ரஞ்சித்சிங் திசாலே, தொகையில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்தளித்தார். மனம் நெகிழும் செய்திதான். ஆனால் விருது என்பது செய்து முடித்த வேலைக்கு, நிதியுதவி இனிச் செய்யப்போகும் வேலைக்கு. நிதி விண்ணப்பத்தில் இருபது ஆண்டுச் சாதனைகளை அடுக்கிவிட்டு, வரும் ஆண்டில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை இரண்டு வரியில் முடித்தால், படிப்பவருக்கு உங்கள் மீது மரியாதை வரும். மதிப்பெண் வராது.

இனி, என்னை அதிகம் வாட்டிய தவறு. விண்ணப்பம் கடைச் சீட்டைப் போல இருப்பது. ‘எங்கள் பள்ளி நூலகத்துக்கு இருநூறு புத்தகங்களும் இரண்டு அலமாரிகளும் தேவை. மாணவர்களின் வாசிப்புத் திறன் மேம்பட்டு அவர்கள் ஒளிமயமான எதிர்காலம் பெறுவார்கள்.’ இப்படி ஒரே நாளில் முப்பது படித்திருக்கிறேன். எந்தப் பள்ளியின் பெயரை எடுத்துவிட்டு எந்தப் பள்ளியின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். இதே தேவையை வேறு மாதிரி எழுதலாம்: ‘ஆறாம் வகுப்பில் 38 பேர். ஜூலையில் ஒவ்வொருவரையும் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னபோது 14 பேர் எழுத்துக் கூட்டித்தான் படித்தார்கள். எங்கள் நூலகத்தில் இருப்பவை பெரிய பிள்ளைகளுக்கான புத்தகங்கள். இந்த 14 பேரும் எடுத்துப் படிக்கக் கூடிய எளிய கதைப் புத்தகங்கள் வேண்டும். தினமும் மதியம் இருபது நிமிடம் அவர்களுடன் உட்காருவேன். டிசம்பரிலும் மார்ச்சிலும் அதே முறையில் மீண்டும் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பேன்.’ இந்த எண்கள் நான் உதாரணத்துக்காகப் போட்டவை. உங்கள் வகுப்பின் எண்கள் உங்களிடம்தான் இருக்கின்றன, ஒரு நாள் மதியம் போதும் அவற்றைச் சேர்க்க. பரிசீலனைக் குழுவில் உட்காருபவர் உங்கள் பள்ளியைப் பார்த்ததில்லை. அந்த 14 பேர் கண்முன் வந்துவிட்டால் அவர் உங்களுக்காகக் குழுவில் வாதாடுவார். ‘ஒளிமயமான எதிர்கால’த்துக்காக யாரும் வாதாடி நான் பார்த்ததில்லை.

மாணவர்களின் வறுமையைப் பிழியப் பிழிய எழுதுவதும் இதே தவறின் இன்னொரு முகம். இரக்கம் வரும்தான். ஆனால் இந்த ஆசிரியர் என்ன செய்யப்போகிறார் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்காது. கூடவே பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரிடம் கேட்காமல் இணைத்து அனுப்புகிறார்கள். கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், இல்லையென்றால் படத்தை விட்டுவிடுங்கள்.

பட்ஜெட் பக்கத்துக்கு வருவோம். நான் அதைத்தான் முதலில் புரட்டுவேன், என்னைப் போலவே பலரும். எல்லாத் தொகைகளும் முழு எண்களாக, பூஜ்யங்களில் முடிந்தால், விசாரிக்காமல் போட்டது என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கி, தேதியோடு இணையுங்கள். வரி, போக்குவரத்துச் செலவு, பொருத்தும் கூலி, மின்கலம், மை, பழுதுபார்ப்பு ஆகியவை விட்டுப்போகிற இடங்கள். ‘எப்படியும் குறைப்பார்கள்’ என்று ஒன்றரை மடங்காக ஏற்றிப் போடுபவர்களும் உண்டு. சந்தை விலை தெரிந்த ஒருவர் குழுவில் நிச்சயம் இருப்பார், ஒரு வரியில் சந்தேகம் வந்தால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். இரண்டாம் ஆண்டில் இது எப்படி நடக்கும் என்ற கேள்விக்கும் இடம் ஒதுக்குங்கள். அச்சு இயந்திரம் வாங்கிவிடலாம், மை யார் வாங்குவது?

கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுவதைப் பற்றி ஆசிரியர்களிடம் நான் சொல்லத் தேவையில்லை, மாணவர்களைத் திட்டுவதே அதற்காகத்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடைசித் தேதியில் நேரமும் உண்டு, அது நிதி தருபவரின் ஊர் நேரம். எராஸ்மஸ் பிளஸ்ஸின் ஆசிரியர் பயணப் பிரிவில் அது பிரசல்ஸ் நேரப்படி நண்பகல் 12 மணி. நள்ளிரவு என்று நினைத்துக்கொண்டு மாலையில் உட்கார்ந்தால் கதவு மூடியிருக்கும். தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டியிருந்தால், அவர் விடுப்பில் போகிற வாரம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு நிதியத்துக்கு எழுதியதை அப்படியே இன்னொன்றுக்கு அனுப்பும்போது பெயரையாவது மாற்றுங்கள். போட்டி அறக்கட்டளைக்கு நன்றி சொல்லி எங்களுக்கு வந்த விண்ணப்பத்தைக் குழுவில் எல்லோரும் கைமாற்றிப் படித்துச் சிரித்தோம். பாவம், நல்ல திட்டம் அது.

விண்ணப்பிக்கவோ, ‘ஒப்புதலான’ தொகையை விடுவிக்கவோ முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது மோசடிதான். நீங்கள் விண்ணப்பிக்காமலே ‘தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டீர்கள்’ என்று வரும் கடிதமும் அந்த ரகம்தான்.

பெரிய பெயர்களை மட்டுமே துரத்துவது இன்னொரு சறுக்கல். பெற்றோர் சங்கம், முன்னாள் மாணவர்கள், அருகிலுள்ள நிறுவனங்கள் தரும் சிறு தொகைக்குப் போட்டி குறைவு, படிவமும் குறைவு. சிறு தொகையை வாங்கி, கணக்குக் காட்டி முடித்த ஆசிரியர் அடுத்த ஆண்டு பெரிய இடத்தில் கேட்கும்போது, காட்டுவதற்கு அவரிடம் ஒன்று இருக்கும்.

அந்தக் கணக்குதான் பலரை மாட்டிவிடுகிறது. பள்ளியின் பெயரில் வந்த தொகையை வசதிக்காகத் தன் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும். பணம் வந்த அன்றே ஓர் உறையை எடுத்து, ரசீதுகளை அதில் போட்டுவாருங்கள். திட்டம் நடுவில் மாறினால் செலவழிப்பதற்கு முன் நிதியத்துக்கு எழுதிக் கேளுங்கள். நியாயமான மாற்றத்தை நாங்கள் மறுத்தது அரிது, சொல்லாமல் செய்த மாற்றத்தை ஏற்றதும் அரிது. இறுதி அறிக்கையில் சரிவராததையும் எழுதுங்கள். 14 பேரில் 9 பேர்தான் தேறினார்கள் என்றால் 9 என்றே எழுதுங்கள், மற்ற ஐவருக்கு என்ன தடை என்று தெரிந்ததையும் சேர்த்து.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் அடுத்த வாரம் இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே மதிப்பெண் குறைந்தது என்று சொல்ல முடியுமா? நான் குழுவில் இருந்த காலத்தில் இப்படிக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்ட எல்லோருக்கும் பதில் எழுதினோம்.