வலி மாத்திரை சாப்பிடும் இளைஞர்கள்: வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதினாறு, இருபது வயதில் தீராத வலியோடு இருக்கும் பிள்ளைக்கு டாக்டர் டிராமடாலோ டேபெண்டடாலோ (ஓபியாய்டு எனப்படும், பழக்கமாகிவிடக்கூடிய வலி மாத்திரைகள்) எழுதிக் கொடுத்திருந்தால், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதக்கணக்கில் இதைச் சாப்பிடும் யாருக்கும் உடம்பு பழகிவிடும். பழைய அளவு கேட்காது, திடீரென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பு சிலிர்ப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். இதை மட்டும் வைத்து பிள்ளை போதைக்கு அடிமையாகிவிட்டான் என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, எதைப் பார்ப்பது? மருந்து சரியாக வேலை செய்தால் பிள்ளை காலேஜ் போவான், நண்பர்களோடு பேசுவான், நேரத்துக்குச் சாப்பிடுவான். அளவு ஏற ஏற இதெல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தால் அங்கேதான் கவனம் வேண்டும். ஒரு மாத மாத்திரை இரண்டு வாரத்தில் தீர்ந்துபோவது, சீட்டு தொலைந்துவிட்டது என்று அடிக்கடி சொல்வது, ஒருவருக்குத் தெரியாமல் இன்னொரு டாக்டரிடம் போவது, சீட்டே கேட்காத மெடிக்கல் ஷாப்பைத் தேடிப் போவது, இப்படி ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பரீட்சை பயத்துக்கும், வீட்டுச் சண்டைக்கும், தூக்கம் வராததற்கும் அதே மாத்திரையைத் தேடினால், அது வலிக்கான மருந்தாக இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். பகலில் தூங்கி வழிவதையும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருப்பதையும் பாருங்கள்.

தமிழ்நாட்டில் டேபெண்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. சிரிஞ்ச் கிடந்தாலோ, கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சி-யும் வரலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். வலிக்குப் போதுமான மருந்து கிடைக்காதவனும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான், அடுத்த மாத்திரைக்குக் கெஞ்சுவான், கத்துவான். நீலகிரியில் பழங்குடி மக்களிடம் அதிகம் காணப்படும் சிக்கிள் செல் நோயில் (சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய்), ரத்தக்குழாய் அடைபட்டு வரும் எலும்பு வலி தாங்கவே முடியாதது. அந்த நேரத்தில் மருந்து கேட்பவரைப் போதைக்கு நடிக்கிறார் என்று நினைப்பது கொடுமை. வலி சரியாகத் தணிந்ததும் அந்தக் கெஞ்சலும் நின்றுவிட்டால், அது வலி கேட்ட மருந்துதான்.

பிள்ளையிடம் இதைப் பற்றிக் கேட்கும்போது தனியாக உட்காரவைத்து, "நேற்று எப்போது எடுத்தாய், வலிக்காகவா, மனசு சரியில்லை என்றா?" என்று கேளுங்கள். மிரட்டினால் மறைப்பார்கள். யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள், வழக்கமான ஓபியம் வகைச் சோதனையில் டிராமடாலும் டேபெண்டடாலும் பெரும்பாலும் சிக்காது, தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும். அப்புறம், கோபத்தில் மாத்திரையைப் பிடுங்கி எறியாதீர்கள். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், கூடவே வலிக்கு மாற்று வழியும் வேண்டும். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.

டிராமடால் அளவு மீறினால் வலிப்பு வரலாம். கூப்பிட்டும் உலுக்கியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால் 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். எந்த மாத்திரை, எத்தனை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.