ஏஐ உள்ள ஆபீசுக்குப் போகும்முன் பி.காம் மாணவர்கள் செய்து பார்க்க வேண்டிய ஒரு பயிற்சி

ஆடிட்டர் ஆபீசிலோ ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலோ வேலைக்குச் சேரப்போகும் மாணவர்களுக்கான செய்முறை இது. எந்த ஆபீசில் எந்த சாட்பாட் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும், அது தரும் விடையில் எங்கே தப்பு என்று பிடிக்கத் தெரிந்தவர்தான் அங்கே தேவைப்படுவார். அதைப் பழக மிகப் பொருத்தமான வேலை, பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை (வாங்கிய பில்களின் பதிவேடு) ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு (சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒத்துப் பார்ப்பது.

ஏன் இந்த வேலை? மாதா மாதம் ரிட்டர்ன் போடுபவர்களில் சப்ளையர் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) போட வேண்டும். 14-ஆம் தேதி வாங்கியவருக்கு 2பி வரும். அவர் 20-ஆம் தேதிக்குள் 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) போட வேண்டும். இடையில் ஆறே நாள். 2பி-யில் வராத பில்லுக்கு ஐடிசி (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) எடுக்க முடியாது என்பதால் அந்த ஆறு நாளும் ஆபீசே பில் பில்லாகத் தேடிக்கொண்டிருக்கும். ஏஐ-யை முதலில் நுழைக்கப் பார்ப்பதும் இந்த மாதிரி வேலையில்தான்.

படி 1: பயிற்சிக்கான தாள்

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இரண்டு தாள்கள் போடுங்கள். ஒன்று ரிஜிஸ்டர், மற்றொன்று 2பி. இரண்டிலும் ஏழே பத்தி: சப்ளையர், பில் நம்பர், பில் தேதி, டாக்ஸபிள் வேல்யூ (வரி சேர்க்கும் முன் உள்ள தொகை), ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. வெளிமாநிலத்தில் வாங்கினால் ஐஜிஎஸ்டி மட்டும், சொந்த மாநிலத்தில் வாங்கினால் மற்ற இரண்டும் வரும். பில் நம்பர் பத்தியை, எதையும் தட்டும் முன்பே, டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 0145 என்பது 145 ஆகிவிடும், 5-12 என்பது தேதியாக மாறிவிடும். பிறகு ஏஐ-யைக் குறை சொல்லிப் பயனில்லை.

கற்பனையாக 40 பில்கள் எழுதுங்கள். முப்பது இரண்டு தாளிலும் அச்சாக ஒத்துப்போகட்டும். மீதிப் பத்தில் வேண்டுமென்றே சிக்கல் வையுங்கள்:

- இரண்டில் பில் நம்பரின் முன்பூஜ்யம் ஒரு தாளில் மட்டும் விடுபட்டிருக்கட்டும்
- இரண்டு ரிஜிஸ்டரில் மட்டும், ஒன்று 2பி-யில் மட்டும்
- ஒரே சப்ளையர், ஒரே தேதி, ஒரே தொகை, ஆனால் வெவ்வேறு நம்பர் உள்ள இரண்டு பில்கள்
- ஒன்றில் 03/04 என்பது 04/03 என்று மாறியிருக்கட்டும்
- ஒன்றில் வரி 9 ரூபாய் குறைவாக இருக்கட்டும்
- ஒன்று கேரள சப்ளையர். தமிழ்நாட்டில் இருக்கும் நீங்கள் ரிஜிஸ்டரில் ஐஜிஎஸ்டிக்குப் பதில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று தப்பாகப் பதிந்திருக்கட்டும்

ரிஜிஸ்டரில் 39 வரி, 2பி-யில் 38 வரி வர வேண்டும். கடைசிப் பில்லைக் கொஞ்சம் கவனியுங்கள். டாக்ஸபிள் 12,400 ரூபாய், வரி 18 சதவீதம். ரிஜிஸ்டரில் 1,116-ம் 1,116-ம் இருக்கும். 2பி-யில் ஐஜிஎஸ்டி 2,232 இருக்கும். மொத்தம் இரண்டிலும் 14,632. மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர், மனிதரோ ஏஐ-யோ, சரி என்று டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். பத்தி பத்தியாக ஒப்பிட வேண்டும் என்பது இதனால்தான்.

படி 2: முதலில் கையால்

ஏஐ-யைத் திறக்காமல் நீங்களே ஒருமுறை ஒத்துப் பாருங்கள். விடையைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகத் தோன்றும், தாண்டாதீர்கள். சரியான விடை கையில் இல்லாமல் ஏஐ-யின் விடையைச் சோதிக்க வழியே கிடையாது.

படி 3: எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது

பயிற்சித் தாளில் இருப்பது கற்பனைப் பெயர்கள். ஆபீசில் இருக்கப்போவது நிஜ கிளையன்ட். ஜிஎஸ்டி நம்பரின் 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாடு 33, கேரளா 32), அடுத்த பத்து பான் நம்பர். தனிநபர் நடத்தும் கடை என்றால் அது அந்தக் கடைக்காரரின் சொந்த பான். அதைக் கொண்டுபோய் இலவச சாட்பாட்டில் ஒட்டுவது அடுத்தவர் தகவலை அவர் அறியாமல் வெளியே கொடுப்பது. பல இலவசக் கணக்குகளில், செட்டிங்ஸில் போய் நிறுத்தாவிட்டால், நீங்கள் ஒட்டுவது அந்த சாட்பாட்டை இயக்கும் ஏஐ மாடலின் பயிற்சிக்கே போகலாம்.

ஆகவே இப்போதே பழகுங்கள்: சப்ளையர் பெயருக்குப் பதில் 'சப்ளையர் 1-33', 'சப்ளையர் 2-32' என்று எண்ணும் மாநிலக் குறியீடும் மட்டும். எந்த எண் யார் என்ற பட்டியல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே, எந்தக் கருவியில் எதைப் போட அனுமதி என்று சீனியரிடம் கேட்டுவிடுங்கள். பெயரை மறைத்தாலும் அனுமதி இல்லை என்றால் இல்லைதான்.

படி 4: கட்டளை

'இரண்டையும் ஒப்பிடு' என்று மட்டும் சொன்னால் விதிகளை அதுவே கற்பனை செய்துகொள்ளும். இப்படி எழுதுங்கள்:

"முதல் பட்டியல் பர்ச்சேஸ் ரிஜிஸ்டர், 39 வரி. இரண்டாவது 2பி, 38 வரி. ஏழு பத்திகளையும் தனித்தனியே ஒப்பிடு. தேதிகள் நாள்/மாதம்/ஆண்டு வரிசையில் உள்ளன. வரித்தொகையில் 1 ரூபாய் வரை வித்தியாசம் இருந்தால் பொருந்தியதாகக் கொள். பில் நம்பர் மட்டும் வேறுபட்டால் நீயே முடிவு செய்யாதே. சந்தேகம் என்று குறித்துக் காரணம் எழுது. ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரி கொடு. எதையும் விடாதே. கூட்டுத்தொகை போடாதே."

படி 5: சோதனை

முதலில் வரிகளை எண்ணுங்கள். 40 வர வேண்டும். நீளமான பட்டியலில் நடுவில் இரண்டு மூன்று வரியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவது இந்த மாடல்களின் வழக்கம். விட்டுவிட்டேன் என்று சொல்லவும் சொல்லாது. அடுத்து கூட்டுத்தொகை. மாடல் அடுத்து வரக்கூடிய எழுத்துத் துண்டை ஊகித்து எழுதுகிறது. எண்ணையும் அப்படித்தான் எழுதும் என்பதால், பார்க்கச் சரியாகத் தெரியும் தப்புத் தொகை வரக்கூடும். கணினி நிரல் (கோட்) எழுதி இயக்கும் வசதி அதற்கு இருந்தால் தப்பு குறையும்; இருந்தாலும் கூட்டலை எக்செலின் சம் ஃபார்முலாவில் நீங்களே போடுங்கள்.

பிறகு உங்கள் விடைத்தாளோடு அந்தப் பத்துச் சிக்கல்களையும் ஒப்பிடுங்கள். ஒரே தொகை உள்ள இரண்டு பில்லை 'இருமுறை பதிவு' என்று சொல்லியிருக்கிறதா? அதை நம்பி ஒன்றை அழித்தால் கிளையன்ட்டுக்குச் சேர வேண்டிய ஐடிசி போய்விடும். 0145-ஐயும் 145-ஐயும் கேட்காமலே சேர்த்துவிட்டதா? இந்தத் தடவை அது சரியாகவே இருக்கலாம். அடுத்த மாதம் வேறு பில்லாக இருக்கும்.

படி 6: வரி விகிதம், சட்டப் பிரிவு

இவற்றை மாடலின் நினைவிலிருந்து எடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் போய் 5, 18 என்று ஆகிவிட்டது. நெய் 12-லிருந்து 5-க்கு வந்தது, ஏசி 28-லிருந்து 18-க்கு வந்தது. அதற்கு முந்தைய எழுத்துகளில் பழகிய மாடல் பழைய விகிதத்தையே அடித்துச் சொல்லும். ஏசியின் விகிதத்தை இணையத் தேடலை நிறுத்திவிட்டு ஒருமுறையும், தேடலோடு ஒருமுறையும் கேட்டுப் பாருங்கள். எந்த விடை வந்தாலும் மத்திய மறைமுக வரி வாரியமான சிபிஐசி-யின் தளத்தில் அறிவிக்கையைத் திறந்து பார்த்த பிறகே தாளில் எழுதுங்கள்.

2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த, இல்லவே இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். 5,000 டாலர் அபராதம் அவர்களுக்குத்தான் விழுந்தது. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு.

படி 7: ஒரு பக்கப் பதிவு

கொடுத்த கட்டளை, ஏஐ பிடித்தது எத்தனை, விட்டது எவை, எந்தச் சோதனையில் அது தெரிந்தது, கட்டளையில் எதை மாற்றியதும் சரியானது: இவ்வளவும் ஒரே பக்கத்தில். நேர்முகத் தேர்வில் 'ஏஐ தெரியுமா?' என்று கேட்டால் சான்றிதழுக்கு முன் இந்தப் பக்கத்தை நீட்டுங்கள். பத்தில் ஏழைத்தான் பிடித்தது என்றால் ஏழு என்றே எழுதுங்கள். விட்ட மூன்றைப் பற்றித்தான் கேட்பார்கள், உங்களுக்கும் பேச விஷயம் இருக்கும்.

இது கைவந்ததும் பில்களை 200 ஆக்கி, ஐம்பது ஐம்பதாகப் பிரித்துக் கொடுங்கள். சப்ளையர் வாரியாக வரிசைப்படுத்திய பிறகு பிரித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் ஒரே சப்ளையரின் பில் இரண்டு துண்டில் சிதறி, இருக்கிற பில்லை இல்லை என்று சொல்லும்.